மாடு வாய் வைக்காத செடிகள்: சென்னையின் மேய்ச்சல் நிலங்களும் காட்டுத் தேனீக்களும்

ஆடு தொடாத தழை என்பதால் ஆடாதொடை, ஆடு தின்னாத செடி என்பதால் ஆடுதின்னாப்பாளை என்று, மேய்ப்பவர்கள் கண்டு வைத்த பெயர்கள் தமிழில் இன்றும் புழங்குகின்றன. ஒரு செடி மருந்தா, நஞ்சா, மணமுள்ளதா என்று ஆராய்வதற்கு முன்பே, கால்நடை அதில் வாய் வைக்குமா என்று பார்த்த ஒரு கண் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கிறது. சென்னையைச் சுற்றி மிஞ்சியிருக்கும் மேய்ச்சல் நிலங்களில் காட்டுத் தேனீக்கள் எதை நம்பி வாழ்கின்றன என்று தெரிந்துகொள்ள அந்தக் கண்ணைத்தான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. மாடு தின்று தீர்ப்பது பெரும்பாலும் புல்லை. அது முகர்ந்துவிட்டு ஒதுக்கிய செடிகள் வெயில் படும் தரையில் நின்று பூக்கின்றன. தேனீக்களைத் தேடினால் அந்தப் பூக்களில்தான் அகப்படும். மேய்ச்சல் என்றாலே பூக்களுக்கு அழிவு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதிதான் உண்மை.

மேய்ச்சல் நிலம் சென்னைக்கு அந்நியமானதன்று. மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளியின் பெயரே மாட்டு மந்தை கூடிய வெளியைக் குறிக்கிறது. இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. வருவாய்த் துறைப் பதிவேடுகளில் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்றொரு வகை இருக்கிறது. ஊர்க் கால்நடைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பொது நிலம் அது. நகரம் வேளச்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று தெற்கே நகர நகர, அந்த நிலங்களில் பெரும்பங்கு வேறு பயன்பாட்டுக்குப் போய்விட்டது. இப்போது மேய்ச்சல் நடப்பது ஏரிகளில் நீர் தேங்கும் உள்வாயிலும், ஏரிக்கரைகளிலும், பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பிலும், நன்மங்கலம் காப்புக்காட்டை ஒட்டிய கற்பாங்கான தரையிலும், மனை பிரித்துக் கல் நட்டு இன்னும் வீடு எழும்பாத காலி இடங்களிலும்தான். 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணையின் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர். அங்கே மேய்பவை வெளிமானும் புள்ளிமானும் என்பதால் அதை மேய்ச்சல் நிலமாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் ஒரு பூவுக்கு அதைக் கடித்த வாய் மானுடையதா மாட்டினுடையதா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை.

தேனீ என்றதும் நமக்குத் தேன்கூடு நினைவுக்கு வருகிறது. உலகில் பெயரிடப்பட்டுள்ள தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல்; இந்தியாவில் மட்டும் 700-க்கும் அதிகம். இவற்றில் மனிதர் எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்குத் தேன் சேர்ப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. சென்னையில் அடுக்குமாடிகளின் விளிம்பிலும் தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ, புதர்க்கிளையில் உள்ளங்கை அகலத்துக்கு அடை கட்டும் கொம்புத்தேனீ, மரப்பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டும் அடுக்குத்தேனீ, சுவர் விரிசலிலும் மின்அளவிப் பெட்டியிலும் பிசின் குழாய் வைத்துக் குடியேறும் கொசுத்தேனீ ஆகிய நான்கையும் கூட்டமாக வாழ்பவை என்று சொல்லலாம். மற்றவற்றில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. ராணியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை. ஒரு பெண் தேனீ தானே வளை தோண்டி, தானே மகரந்தம் சேர்த்து, அதை உருண்டையாக்கி, அதன்மேல் ஒரு முட்டை இட்டு அறையை மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போகும். கருவண்டு என்று நாம் அழைக்கும் தச்சுத்தேனீ, வயிற்றில் நீல வரி ஓடும் நீலவரித் தேனீ, இலையை வட்டமாக நறுக்கிச் செல்லும் இலைவெட்டித் தேனீ, எறும்பளவே இருந்து பலரும் ஈ என்று தட்டிவிடும் வியர்வைத் தேனீ எல்லாம் இந்த வகை. பழந்தமிழில் வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று பல சொற்கள் இருந்தன. எந்தச் சொல் எந்தப் பூச்சியைக் குறித்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லாவிட்டாலும், பூவில் ஒலிப்பதெல்லாம் ஒன்றே என்று அந்தக் காலத்தவர் நினைக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

மேய்ச்சல் என்ற ஒரே சொல்லுக்குள் பல செயல்கள் அடங்கியிருக்கின்றன. மாடு நாக்கை வளைத்துப் புல்லைக் கற்றையாகச் சுருட்டி இழுக்கும். ஆகவே தரையோடு தரையாக அதனால் மேய முடியாது. சில விரற்கடை உயரத்துக்கு எப்போதும் மிச்சம் இருக்கும், அந்த உயரத்துக்குள் படர்ந்து பூக்கும் செடிகள் தப்பிவிடும். எருமை ஈரத்தில் இறங்கி முரட்டுக் கோரையையும் தின்னும். செம்மறியாடு பிளந்த மேலுதட்டால் தரையை ஒட்டிக் கொறிக்கும், பூமொட்டைத் தேர்ந்து கிள்ளும். வெள்ளாடு நிமிர்ந்து முன்னங்காலைக் கிளையில் ஊன்றிப் புதரையே மொட்டையடிக்கும். ஆகவே ‘இந்த நிலம் மேயப்பட்டது’ என்ற தகவல் மட்டும் தேனீயைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எது மேய்ந்தது, எத்தனை, எந்த மாதத்தில் என்று கேட்ட பிறகே ஏதாவது சொல்ல முடியும். சென்னைப் புறநகரில் மாடும் எருமையும் மிகுதி, செம்மறி குறைவு என்பது பூக்களுக்கு ஒருவகையில் நல்வாய்ப்பு.

சென்ற தை மாதத்தில் பெரும்பாக்கத்துக்கு அருகே ஓர் ஏரியின் உள்வாயில், நீர் வடிந்து காய்ந்துகொண்டிருந்த தரையில், ஏழெட்டு எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை போன வழியில் அருகம்புல் கத்தரித்தாற்போல் கிடந்தது. அதற்கு நடுவே நீர்முள்ளி மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஊதாப்பூவோடு அப்படியே நின்றது. அதன் கணுவுக்குக் கணு நீண்ட முள். கூட வந்த மேய்ப்பர், “அதை மாடு மோந்துகூடப் பாக்காதுங்க, முள்ளு மூக்குல ஏறிடும்” என்றார். அந்தப் பூவின் கீழிதழில் ஒரு நீலவரித் தேனீ வந்து இறங்கியது. ஒரு பூவில் இரண்டு நொடிகூட நிற்கவில்லை. நீண்ட நாக்கை உள்ளே செலுத்தியபோது மேலிதழின் கீழிருந்த மகரந்தப்பைகள் அதன் முதுகில் உரசின. அடுத்த செடிக்குப் பறந்தபோது அதன் முதுகு வெண்மையாகத் தெரிந்தது. எருமை ஒதுக்கியதால் அந்தச் செடி நின்றது என்பது ஒன்று. எருமை சுற்றியுள்ள புல்லைத் தின்றதால் செடிக்கு வெளிச்சமும், தேனீக்குப் பார்வை மறைக்காத பாதையும் கிடைத்தன என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது காரியத்தைத்தான் நாம் எளிதில் கவனிக்கத் தவறுகிறோம்.

முள் ஒரு காப்பு. கசப்பு, பால், நெடி ஆகியவையும் காப்புகளே. தும்பைக்கும் நாய்த்துளசிக்கும் நெடி, எருக்குக்குப் பால், கண்டங்கத்தரிக்கும் நெருஞ்சிக்கும் முள், கிலுகிலுப்பைக்குக் கல்லீரலைக் கெடுக்கும் நச்சு, கொழிஞ்சியைப் பச்சையாக மாடு விரும்புவதில்லை. மேய்ச்சல் தொடர்ந்து நடக்கும் தரையில் இந்தச் செடிகளின் பங்கு கூடிக்கொண்டே போகும். கால்நடை வளர்ப்பவர் கண்ணோட்டத்தில் இது நிலம் கெட்டுப்போவதன் அடையாளம், அவர் சொல்வதும் சரியே. தேனீயின் கண்ணோட்டத்தில் அதே நிலம் விருந்துக்கூடம். ஆனால் ஒதுக்கப்பட்டதெல்லாம் தேனீக்கு ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். முன்பு சொன்ன ஆடுதின்னாப்பாளையின் பூ சிறு ஈக்களை உள்ளே இழுத்துச் சிறிது நேரம் அடைத்து வைத்து மகரந்தம் பூசி அனுப்பும் பொறி. தேனீக்கு அங்கே வேலை இல்லை.

இந்தச் செடிகளில் ஆவாரையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழி அதன் மருத்துவப் பெயருக்குச் சான்று. பொங்கலுக்கு முன்னாள் சிறுபீளையோடும் வேப்பிலையோடும் அதைச் சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள். பல ஊர்களில் மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்திலும் அது மாலையாக ஏறும். வேறு தழை கிடைக்கும்வரை மாடு தின்னாத செடியை மாட்டுக்கே அணிவிக்கிறோம் என்பது யாரும் திட்டமிட்டுச் செய்ததாக இருக்காது. மேய்ச்சல் காட்டில் அந்தப் பருவத்தில் மிகுதியாகப் பறிக்கக் கிடைப்பது அதுதான்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. அது தருவது மகரந்தம் மட்டுமே, அதையும் எளிதில் தராது. மற்றப் பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் பிளந்து தூளைக் கொட்டிவிடும். ஆவாரையில் பையின் நுனியில் சிறு துளைதான் இருக்கும், உப்புக்குடுவையின் மூடியைப்போல. குலுக்கினால்தான் விழும். தச்சுத்தேனீ பூவைக் கால்களால் அணைத்துப் பிடித்து, இறக்கைகளை மடித்து வைத்துக்கொண்டு, பறப்பதற்கான தசைகளை மட்டும் நொடிக்குச் சில நூறு முறை அதிரவிடும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரம் தாழ்ந்திருக்கும். பூவில் இறங்கியதும் அது சட்டென்று உச்சத்துக்கு ஏறி அறுந்தறுந்து ஒலிக்கும். காலை ஏழு மணிக்கு ஓர் ஆவாரைப் புதரருகே நின்றால் கண்ணை மூடிக்கொண்டே தச்சுத்தேனீ எப்போது பறக்கிறது, எப்போது பூவில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பூவில் குட்டையான மகரந்தத்தாள்களும் நீண்டு வளைந்தவையும் உண்டு: குட்டையானவை தேனீக்குத் தீனி, நீண்டவை அதன் உடலில் அது கவனிக்காத இடத்தில் தூளைப் பூசி அடுத்த பூவுக்கு அனுப்புபவை. சூல்தண்டு ஒரு பூவில் இடப்பக்கமாகவும் இன்னொன்றில் வலப்பக்கமாகவும் வளைந்திருக்கும். இடப்பக்கம் பூசப்பட்ட தூள் எதிர்ப்பக்கம் வளைந்த பூவுக்குப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

இந்த அதிர்வு வித்தை தச்சுத்தேனீக்கும் நீலவரித் தேனீக்கும் சில வியர்வைத் தேனீக்களுக்கும் தெரியும். பெட்டியில் வளர்க்கும் அடுக்குத்தேனீக்குத் தெரியாது. மலைத்தேனீக்கும் கொம்புத்தேனீக்கும் தெரியாது. அவை ஆவாரைக்கு வந்தால் மற்றவை சிந்திவிட்டுப் போனதைப் பொறுக்கும். கண்டங்கத்தரியும் தூதுவளையும் இதே அமைப்பு உடையவை. நாம் தின்னும் கத்தரியும் தக்காளியும் அதே குடும்பம். கத்தரி தன் மகரந்தத்திலேயே ஓரளவு காய்க்கும் என்றாலும், அதிரவிடும் தேனீ வந்தால் காய்ப்பு கூடும். செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டக் கத்தரித் தோட்டங்களில் பூ இல்லாத மாதங்களில் அந்தத் தேனீக்கள் எங்கே போகின்றன என்று கேட்டால், பக்கத்து மேய்ச்சல் தரையின் கண்டங்கத்தரியும் ஆவாரையும் கண்முன் வருகின்றன.

மற்றச் செடிகளும் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. எருக்கம்பூவில் மகரந்தம் தூளாக இல்லாமல், இரண்டு சிறு பைகள் ஒரு கொக்கியில் தொங்குவதுபோல இருக்கும். கனத்த தச்சுத்தேனீ நடக்கும்போது அது மாட்டிக்கொண்டு அப்படியே கழன்று வரும். சிறு தேனீக்கள் தேனைக் குடித்துவிட்டுப் போகும், செடிக்கு அவற்றால் ஆவது குறைவு. கிலுகிலுப்பையின் மஞ்சள் பூவில் கீழிதழ்கள் ஒட்டிய படகொன்று உண்டு. தேனீ அதன்மேல் எடையோடு இறங்கி அழுத்தினால், படகின் மூக்கிலிருந்து மகரந்தம் பசைக்குழாயைப் பிதுக்கினாற்போல் வெளியே வந்து அதன் வயிற்றில் ஒட்டும். இலைவெட்டித் தேனீ மகரந்தத்தைக் காலில் சேர்ப்பதில்லை, அடிவயிற்றின் மயிரில்தான் சேர்க்கும். கொழிஞ்சியிலும் கிலுகிலுப்பையிலும் அதன் வயிறு மஞ்சளாக வீங்கித் தெரிவது அதனால்தான். வெட்டுக்காயப்பூண்டு நடு அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. மாடு அதன் பூக்காம்பைக் கடித்துவிட்டால் தரையோடு கிடக்கும் தண்டிலிருந்து மறுபடி காம்பு விடும். ஆண்டு முழுதும் பூக்கும். ஆழமில்லாத சிறு பூக்களில் நாக்கு நீளாத வியர்வைத் தேனீக்களுக்கும் தேன் எட்டும். வந்தேறிச் செடியென்று அதை வெறுக்க எனக்கு மனம் வருவதில்லை. பொடுதலை ஈரத்தரையில் பாய்போல் படர்ந்து, மாட்டின் குளம்பு மிதித்தும் சாகாமல், விரல் நுனி அளவு பூங்கொத்துகளை நிமிர்த்தி வைக்கும்.

இந்த நிலத்தில் ஒருநாளுக்கும் ஒரு நேரப்பட்டியல் இருக்கிறது. ஆவாரையும் நெருஞ்சியும் காலையில் மும்முரம். நெருஞ்சி உச்சிவெயிலுக்குப் பிறகு இதழ் மூடத் தொடங்கும். அரிவாள்மனைப்பூண்டு நன்றாக வெயில் ஏறிய பின் விரிந்து சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். துத்தி பிற்பகலில்தான் திறக்கும். ஒன்றின் வேளை முடியும்போது இன்னொன்றின் வேளை தொடங்குவதால், சில நூறு மீட்டருக்கு மேல் பறக்க முடியாத சிறு தேனீக்கள் அதே இடத்தில் நாள் முழுதும் பிழைத்துக்கொள்கின்றன. தச்சுத்தேனீயும் மலைத்தேனீயும் கிலோமீட்டர் கணக்கில் பறக்கக்கூடியவை. அவை ஒரு மனை போனால் அடுத்ததற்குப் போய்விடும். சிறியவற்றுக்கு அந்த வசதி இல்லை. நான்கு தெரு தள்ளிப் பூங்கா இருக்கிறது என்ற ஆறுதல் அவற்றுக்குச் செல்லாது.

பூவைப் பற்றி இவ்வளவு பேசினாலும், தேனீக்கு வீடும் வேண்டும். தனித்து வாழும் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டுபவை. அவற்றுக்குப் புல் மூடாத, வெயில் விழும், நீர் தேங்காத மண் வேண்டும். மாடு நாள்தோறும் நடந்து தேய்த்த ஒற்றையடித் தடமும், ஏரிக்கரையின் சரிவும், குளம்பு பெயர்த்த மேட்டு ஓரமும் அதற்கு வாய்ப்பாக அமைகின்றன. தெற்கு நோக்கிய கரைச்சரிவில், ஈர்க்குச்சி நுழையும் அளவுக்குத் துளைகள் பத்துப் பதினைந்து பக்கம் பக்கமாக இருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றின் வாயிலும் புதுமண் பொடி குவிந்திருக்கும். எறும்புப் புற்று என்று கடந்துவிடுவோம். சிறிது நேரம் உட்கார்ந்தால் காலில் மஞ்சள் பொடியோடு ஒன்று விர்ரென்று வந்து துளைக்குள் புகும். அருகிலேயே உடலில் நீலப் புள்ளிகள் கொண்ட இன்னொரு தேனீ காத்திருந்தால் அது குயில்தேனீ: தானாக வளை தோண்டாது, மகரந்தம் சேர்க்காது, நீலவரித் தேனீ வெளியே போன சமயம் பார்த்து உள்ளே புகுந்து முட்டையிட்டு வரும். திருட்டுத்தான். ஆனால் திருடப் போதிய வீடுகள் இருந்தால்தான் திருடனும் இருப்பான் என்பதால், குயில்தேனீயைக் கண்டால் அந்த இடத்தில் நீலவரித் தேனீ நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

குளம்பு உதவுவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஈரக்களிமண்ணை நூறு மாடு மிதித்தால் அது காய்ந்து ஓடுபோல் இறுகிவிடும். தேனீயின் தாடையால் அதில் துளையிட முடியாது. ஒரே இடத்தில் பட்டி போட்டு அடைத்தால் சாணமும் சிறுநீரும் சேர்ந்து நைட்ரஜன் மிகுந்து, வேகமாக வளரும் சில களைகள் மட்டும் எழும்பும். அதே விளைவை இங்கே இன்னொன்றும் உண்டாக்குகிறது: ஏரிகளில் கலக்கும் கழிவுநீர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930-களிலிருந்து 1980-கள் வரை பூக்கள் நிறைந்த தாழ்நிலப் புல்வெளிகளில் சுமார் 97 சதவீதம் இல்லாமல் போனதற்கு உழவும் உரமும் முதன்மையான காரணங்கள்; உரம் புல்லைத் தூக்கிவிட, பூச்செடிகள் அதன் நிழலில் மாய்ந்தன. நம் ஏரி ஓரத்தில் உரமூட்டை யாரும் கொட்டுவதில்லை. சாக்கடை அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சம்பும் கோரையும் ஆளுயரத்துக்கு வளர்ந்த பசுமையைப் பார்த்து ஏரி செழிப்பாக இருக்கிறது என்பவர்கள் உண்டு. அந்தப் பசுமைக்குள் தேனீக்கு எட்டும் பூ மிகக் குறைவு.

ஐரோப்பிய ஆய்வுகளை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே மேய்ச்சல் வெளிகளின் பெரிய தேனீ, மயிர் அடர்ந்த பம்பிள் தேனீ. இந்தியாவில் அது இமயமலைப் பகுதியோடு நின்றுவிடுகிறது, தென்னிந்தியச் சமவெளியில் இல்லை. அதன் இடத்தை இங்கே தச்சுத்தேனீ நிரப்புகிறது. அது வாழ மண் உதவாது, பட்ட மரமும் மூங்கிலும் பழைய பந்தல்காலும் வேண்டும். அங்கே கோடைப் பூக்காலத்தில் கால்நடையை விலக்கி வைக்கச் சொல்வார்கள். நம் பூக்காலம் கோடையில் வருவதில்லை. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும். அந்த மழையில் சதுப்பின் ஓரம் மூழ்கி, மாடுகள் மேட்டுக்கு ஏறும். மண்ணுக்குள் இருக்கும் தேனீப் புழுக்களை அறையின் உட்சுவரில் தாய் பூசிய மெழுகு போன்ற பூச்சு ஈரத்திலிருந்து காக்கும். மார்கழியில் வானம் வெளுத்ததும் புல்லும் பூவும் ஒருசேரக் கிளம்பும். தை, மாசி இரண்டும் உச்சம். கத்திரி வெயிலில் எருக்கும் ஆங்காங்கே வெட்டுக்காயப்பூண்டும் தவிரப் பெரிதாக ஒன்றும் இராது. ஆனி, ஆடி மாலைமழைக்குப் பிறகு சிறிய அளவில் இன்னொரு பூக்காலம் வரும். ஆகவே ஒரு நிலத்துக்கு ஓய்வு கொடுப்பதானால் மார்கழி முதல் மாசி வரைக்குள் சில வாரங்கள் கொடுப்பதுதான் பொருந்தும். வெள்ளாட்டு மந்தைகளுக்கு இது மிகவும் பொருந்தும்; ஏனெனில் பசி மிகுந்த வெள்ளாடு முன்பு ஒதுக்கியதையும் மென்றுவிடும்.

மேய்ச்சலே நின்றுபோனால் என்ன ஆகும்? வேலி போட்டு மாட்டை வெளியேற்றிய முதல் ஆண்டில் பூக்கள் பெருகும். அதைப் பார்த்து மகிழ்ந்துவிடுவோம். பிறகு புல் நீண்டு படுத்து மண்ணை மூடும். அதற்கு அடுத்தாற்போல் சீமைக்கருவேலம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த இந்த மரத்தின் நெற்றை ஆடுமாடுகள் விரும்பித் தின்று விதையைச் சாணத்தோடு பரப்புகின்றன என்பதால், மேய்ச்சலுக்கும் அதன் பரவலில் பங்குண்டு. அதன் பூ தேனீக்களுக்குப் பிடித்தமானது என்பதும் உண்மைதான். ஆனால் அதன் நிழலுக்கடியில் தும்பையும் இல்லை, ஆவாரையும் இல்லை, வெயில்படும் மண்ணும் இல்லை. பத்து வகைப் பூ இருந்த இடத்தில் ஒரு வகைப் பூ மிஞ்சும். கிண்டிப் பூங்காவில் வெளிமான்கள் நம்பியிருக்கும் போலோ மைதானம் போன்ற திறந்த புல்வெளியைப் புதர் மூடாமல் வைத்திருப்பது ஓயாத வேலையாக இருப்பதும் இதே இயக்கத்தால்தான்.

இந்த இடத்தில் என் குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏரிப் புனரமைப்பு என்ற பெயரில் கரைக்குக் கல் பதித்து, நடைபாதை ஓடு ஒட்டி, சுற்றுக்கம்பி வேலியும் போட்டு, உள்ளே நாற்றங்காலில் வாங்கிய புல்தரையை விரிக்கும் வழக்கம் பரவிவிட்டது. கல்பதித்த கரையில் வளை தோண்ட இடமில்லை. புல்தரையில் பூ இல்லை. வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட மாடு குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக்கைத் தின்கிறது. நாங்கள் குடியிருக்கும் பகுதியிலேயே ஒரு கரையில் நான் இரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவந்த துளைகள் ஒரே வாரத்தில் சிமென்ட்டுக்கு அடியில் போயின. கரை உடையாமல் காப்பது அவசியந்தான். முழு நீளத்துக்கும் கல் அவசியமா என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. காலி மனைகளில் நெருக்கமாக மரம் நட்டு வளர்க்கும் குறுங்காடுகளைப் பற்றியும் எனக்கு இதே தயக்கம். குப்பைமேட்டில் அவற்றை வளர்ப்பதை வரவேற்கலாம். ஆவாரையும் கொழிஞ்சியும் பூத்துக் கிடக்கும் திறந்தவெளியைத் ‘தரிசு’ என்று எண்ணி அதன்மேல் நிழலை எழுப்புவதால் மண்தேனீக்கு நட்டம்தான். தேனீப் பெட்டி வைப்பது இதற்கு மாற்றாகாது. பெட்டியின் ஆயிரக்கணக்கான தேனீக்கள் அதே சில பூக்களைத் தனித்தேனீக்களோடு பங்குபோடும்.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஜக்பால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2011 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பு, ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி அவற்றை ஊர்மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கு மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மேய்க்கால் நிலமும் அந்தப் பொதுநிலத்தில் அடக்கம். ஆனால் ‘புறம்போக்கு’ என்ற சொல்லே வசைச்சொல்லாகிவிட்ட ஊரில், அங்கே காக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்று அதிகாரியையும் அக்கம்பக்கத்தாரையும் நம்பவைப்பது எளிதில்லை. காட்டுவதற்கு யானையும் இல்லை, பூநாரையும் இல்லை. ஈர்க்குச்சி அளவுத் துளையைத்தான் காட்ட முடியும்.

துளைகூடப் பெண் தேனீக்கு மட்டுந்தான். நீலவரித் தேனீயின் ஆண்களுக்கு வீடு கிடையாது. மாலை ஐந்தரை மணிக்கு, பொழுது சாய்ந்து எருமைகள் கரையேறும் நேரத்தில், அவை ஒவ்வொன்றாக வந்து காய்ந்த தண்டு ஒன்றைத் தேர்ந்து அதைத் தாடையால் கவ்விக்கொள்ளும். கால்களை மடக்கி, கவ்விய பிடியிலேயே உடல் முழுதும் நிற்க, வரிசையாகத் தூங்கும். நான் பார்த்த இடத்தில் அந்தத் தண்டு, போன பருவத்தில் பூத்து முற்றி மாடு சீந்தாமல் விட்ட நாய்த்துளசி. ஒரு தண்டில் எட்டு இருந்தன. மறுநாள் மாலையும் அதே தண்டுக்குத்தான் வந்தன.